பாசிவ் ரீகான்: இலக்கைத் தொடாமல் தகவல் திரட்டுவது எப்படி?

கேள்வி: ஒரு சிறிய நிறுவனம் தன் டொமைனைச் சோதித்துப் பார்க்க எழுத்துப்பூர்வமாக அனுமதி தந்திருக்கிறது. முதல் வாரம் பாசிவ் தகவல் சேகரிப்பு மட்டும்தான் என்பது நிபந்தனை. என்மேப்பை (திறந்திருக்கும் போர்ட்களைத் தேடும் ஸ்கேனர்) மிக மெதுவாக ஓட்டினால் அது பாசிவ் ஆகுமா? எங்கெங்கே என்ன தேட வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பதில்:

ஆகாது. வேகத்துக்கும் பாசிவுக்கும் சம்பந்தமே இல்லை. நாளொன்றுக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினாலும், அது இலக்கின் சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால் ஆக்டிவ்தான். பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இப்போது நான் செய்யப்போகும் காரியம் யாருடைய லாகில் (பதிவுக் கோப்பில்) பதிவாகும்? கூகுள், ஷோடான் (இணையத்தில் உள்ள சாதனங்களைத் தேடும் தளம்), இன்டர்நெட் ஆர்க்கைவ் (பழைய வலைப்பக்கங்களின் காப்பகம்) போன்ற மூன்றாம் தரப்பின் லாகில் மட்டும் பதிந்தால் பாசிவ். நிறுவனத்தின் வெப் சர்வரிலோ, மெயில் சர்வரிலோ, ஃபயர்வாலிலோ, நேம்சர்வரிலோ (டொமைன் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் சர்வர்) ஒரு வரி விழுந்தால்கூட பாசிவ் இல்லை. நிறுவனத்தின் முகப்புப் பக்கத்தை உங்கள் பிரவுசரில் திறப்பதும் இந்தக் கணக்கில் தொடுவதுதான். அது யாரையும் பாதிக்காது, சட்டமும் தடுக்காது. ஆனாலும் உங்கள் ஐபி முகவரி அவர்களிடம் பதிவாகிவிடும்.

இவ்வளவு கறாராக ஏன் இருக்க வேண்டும் என்றால், அந்த முதல் வாரத்தின் நோக்கமே அதுதான். வெளியில் இருக்கும் ஒருவன், நிறுவனத்தின் கண்காணிப்பில் ஒரு அலாரம்கூட அடிக்காமல் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதை அவர்களுக்கு அளந்து காட்ட வேண்டும். நீங்கள் நடுவில் ஒருமுறை தொட்டுவிட்டால் அந்த அளவே கெட்டுப்போகும்.

எல்லோரும் சறுக்கும் இடம் டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு. 'டிக்' என்ற டிஎன்எஸ் கமாண்டை ஓட்டி ஒரு சப்டொமைனின் (டொமைனின் கீழுள்ள பெயரின்) ஐபி முகவரியைக் கேட்கிறீர்கள். கேள்வி போவது 8.8.8.8-க்கு, அதாவது கூகுளுக்கு. அதனால் பாசிவ் என்று தோன்றும். ஆனால் விடை கூகுளின் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இல்லையென்றால், கூகுள் அந்த நிறுவனத்தின் நேம்சர்வரிடம் போய்க் கேட்கும். நேம்சர்வரை நிறுவனமே நடத்தினால் அவர்கள் லாகில் வரி விழுந்துவிட்டது. அதோடு முடியவில்லை. ஈடிஎன்எஸ் கிளையன்ட் சப்நெட் என்ற ஏற்பாட்டின்படி, அதை ஆதரிக்கும் நேம்சர்வருக்கு உங்கள் ஐபி முகவரியின் முதல் 24 பிட்டுகளையும் கூகுள் சேர்த்து அனுப்பும். உங்கள் முழு முகவரி தெரியாது, எந்த நெட்வொர்க்கிலிருந்து கேள்வி வந்தது என்று தெரியும். கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்ற டிஎன்எஸ் சேவை இதை அனுப்புவதில்லை. ஆனாலும் கேள்வி நேம்சர்வருக்குப் போவது போவதுதான். பாதுகாப்பில் கவனமுள்ள நிறுவனங்கள், யாரும் பயன்படுத்தாத ஒரு சப்டொமைன் பெயரைப் பொறியாக வைத்திருப்பார்கள். அதை யாராவது ரிசால்வ் செய்தாலே (அதன் ஐபியைக் கேட்டாலே) அவர்களுக்கு மின்னஞ்சல் வந்துவிடும். ஆகவே நேரடி டிஎன்எஸ் கேள்விகள் முதல் வாரத்தில் உண்டா இல்லையா என்பதை அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸோன் டிரான்ஸ்ஃபர் (டிஎன்எஸ் பதிவுகள் முழுவதன் நகல்) கேட்பதும், பெயர்ப் பட்டியலை வைத்து சப்டொமைன்களை ப்ரூட் ஃபோர்ஸ் செய்வதும் (ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்பதும்) சந்தேகமே இல்லாமல் ஆக்டிவ்.

சரி, எங்கே தொடங்குவது? டிஎல்எஸ் சான்றிதழ்களில், அதாவது தளத்தின் அடையாளத்தைப் பிரவுசருக்கு உறுதிசெய்யும் சான்றிதழ்களில், தொடங்குங்கள். ஒரு நிறுவனத்தின் உள்கட்டமைப்பைப் பற்றி வெளியில் கிடைக்கும் மிகச் செழிப்பான ஆதாரம் இதுதான் என்பது என் கருத்து. 2011-இல் டிஜினோட்டர் என்ற, சான்றிதழ் வழங்கும் டச்சு நிறுவனம் ஊடுருவப்பட்டு, கூகுள் உள்ளிட்ட டொமைன்களுக்குப் போலிச் சான்றிதழ்கள் வெளியாயின. அதன் பிறகு, வழங்கப்படும் ஒவ்வொரு டிஎல்எஸ் சான்றிதழும் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்ற யோசனை வலுப்பெற்று, 2013-இல் ஆர்எஃப்சி 6962 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு வழங்கப்பட்ட பொதுச் சான்றிதழ் பதிவேட்டில் இல்லையென்றால் குரோம் அதை ஏற்காது. போலியைப் பிடிக்க வந்த ஏற்பாடு, சான்றிதழ் வாங்கிய ஒவ்வொரு சப்டொமைனின் பெயரையும் ஊருக்கே காட்டுகிறது.

இதைத் தேட செக்டிகோ என்ற சான்றிதழ் நிறுவனம் நடத்தும் சிஆர்டி.எஸ்ஹெச் (crt.sh) தளம் போதும். டொமைனுக்கு முன்னால் சதவீதக் குறியும் புள்ளியும் சேர்த்துத் தேடினால் அதன் கீழுள்ள பெயர்கள் வரும். பெரிய டொமைன் என்றால் தளம் திணறி பிழைப் பக்கம் காட்டும். அப்போது காலாவதியானவற்றை விலக்கியோ, ஜேசான் (கருவிகள் படிக்கும் தரவு) வடிவில் கேட்டோ பாருங்கள். ஒரே சான்றிதழ் இரண்டு முறை வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். முதலில் ப்ரீசர்ட்டிஃபிகேட் (முன்வடிவம்), பிறகு இறுதிச் சான்றிதழ், பெரும்பாலும் இரண்டுமே பதிவாகும். எண்ணிக்கை சொல்லும்போது இரட்டிப்பை நீக்கிவிட்டுச் சொல்லுங்கள்.

பட்டியல் கைக்கு வந்தபின் அதை வாசிப்பதுதான் வேலை. எக்ஸாம்பிள்.காம் என்று வைத்துக்கொள்வோம். விபிஎன்2, யுஏடி-பேமென்ட், ஹெச்ஆர்-டெவ், ஜிரா-ஓல்ட் என்று நான்கு பெயர்கள் வருகின்றன. விபிஎன்2 (ஊழியர்கள் வெளியிலிருந்து உள் நெட்வொர்க்கில் நுழையும் வழி) இருந்தால் விபிஎன் ஒன்று எங்கே என்று கேட்க வேண்டும். அது வேறு டொமைனில் இருக்கலாம், கைவிடப்பட்டும் இருக்கலாம். யுஏடி (பயனர் ஏற்புச் சோதனை) என்றால் பணம் செலுத்தும் செயலிக்குச் சோதனைப் பதிப்பு ஒன்று இணையத்துக்குத் திறந்திருக்க வாய்ப்பு உண்டு. சோதனைப் பதிப்புகளில் கடவுச்சொல் கொள்கை பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். ஜிரா (வேலைகளைக் கண்காணிக்கும் மென்பொருள்) என்றால், ஜிரா-ஓல்ட் சான்றிதழின் முடிவுத் தேதி 2021, அதற்குப் பிறகு புதுப்பிக்கவே இல்லை என்றால், சர்வரை எடுத்துவிட்டு டிஎன்எஸ் பதிவை மட்டும் விட்டுவிட்டார்களோ என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு, ஒரு கிளவுட் சேவையில் விட்டுக்கொடுத்த பெயரைக் காட்டும் சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) ஆக இருந்தால், வேறு யாராவது அந்தப் பெயரைப் பதிவு செய்து சப்டொமைனைத் தன்வசப்படுத்த முடியும். இந்தக் கட்டத்தில் அதை நிரூபிக்கப் போகாதீர்கள். குறிப்பு மட்டும் போதும்.

சான்றிதழுக்குள்ளேயே இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒரே சான்றிதழில் பல பெயர்கள் அடுக்கியிருந்தால், வெளியே தொடர்பு தெரியாத டொமைன்கள் ஒரே நிர்வாகத்தில் இருப்பது புரியும். நிறுவனப் பெயர் சரிபார்த்து வழங்கிய சான்றிதழ் என்றால் அந்தப் பெயரை வைத்தே தேடலாம். வாடிக்கையாளரே மறந்துபோன டொமைன் வெளிவருவது இப்படித்தான். மறுபக்கம், நட்சத்திரக் குறி போட்ட வைல்ட்கார்டு சான்றிதழ் ஒன்றை மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில் இந்தப் பதிவேடு மௌனமாகிவிடும். பட்டியல் சிறியது என்பதால் சப்டொமைன்களே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அங்கே கைகொடுப்பது பாசிவ் டிஎன்எஸ். உலகெங்கும் ரிசால்வர்கள் (டிஎன்எஸ் கேள்விக்கு விடை தேடித் தரும் சர்வர்கள்) வழியாகப் போன விடைகளைப் பதிந்து, எந்தப் பெயர் எந்தத் தேதியில் எந்த ஐபியைக் காட்டியது என்று சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளம் அது. செக்யூரிட்டி டிரெயில்ஸ், வைரஸ்டோட்டல் போன்றவற்றில் இலவசமாகவே ஓரளவு கிடைக்கும். இதன் உண்மையான பலம் பழைய பதிவுகளில் இருக்கிறது. இன்று தளம் கிளவுட்ஃப்ளேர் போன்ற பாதுகாப்பு இடைச் சேவைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அங்கே மாறுவதற்கு முன்னால் அதே பெயர் எந்த ஐபியில் இருந்தது என்று பார்த்தால், பல நேரங்களில் அசல் சர்வர் இன்னும் அங்கேயே இருக்கும். அப்படியென்றால் வாசலில் காவல் வைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் முதல் பக்கத்தில் வர வேண்டிய விஷயம் அது.

அதே இடத்தில் எம்எக்ஸ் (மெயில் சர்வர் எது என்று சொல்வது), டிஎக்ஸ்டி (உரைக் குறிப்பு) பதிவுகளையும் பாருங்கள். மெயில் கூகுளிடமா மைக்ரோசாஃப்டிடமா என்பது எம்எக்ஸிலேயே தெரியும். எஸ்பிஎஃப் (யாரெல்லாம் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும்) வரியில் 'இன்க்ளூட்' என்று வரும் ஒவ்வொன்றும், அந்த நிறுவனத்தின் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி பெற்ற ஒரு சேவை: செய்திமடல் அனுப்புபவர், வாடிக்கையாளர் புகார் மென்பொருள், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை. டொமைன் சரிபார்ப்புக்காகப் போட்டு, பிறகு நீக்க மறந்த டிஎக்ஸ்டி வரிகள் அட்லாசியன் முதல் அடோபி வரை எதையெல்லாம் வாங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். எஸ்பிஎஃப் சரிபார்ப்பில் 10 டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. இன்க்ளூட்களை எண்ணிப் பாருங்கள். அவற்றுக்குள் இருக்கும் இன்க்ளூட்களும் கணக்கில் சேரும். மீறியிருந்தால் எஸ்பிஎஃப் நிரந்தரப் பிழையாகிவிடும். டிமார்க் (போலி மெயிலை என்ன செய்வது என்று சொல்லும்) கொள்கை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்றிருந்தால், அவர்கள் பெயரில் வரும் போலி மெயிலை நிராகரிக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை என்று பொருள்.

ஹூயிஸ் (டொமைன் உரிமையாளர் பதிவேடு) பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2018 மே மாதம் ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டது. .காம் போன்ற ஜெனரிக் டொமைன்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஹூயிஸின் வாரிசான ஆர்டாப்தான் முறையான வழி. பதிவாளர், தொடங்கிய தேதி, காலாவதித் தேதி, நேம்சர்வர் கிடைக்கும், அவ்வளவுதான். ஐபி முகவரிக்கான ஹூயிஸ் அப்படியல்ல, அதைக் கட்டாயம் பாருங்கள். அந்த ஐபி நிறுவனத்தின் சொந்தத் தொகுதியா, வாடகைக் கிளவுடா என்பது அதில் தெரியும். இந்திய முகவரிகளுக்கு ஏபிநிக் என்ற ஆசிய-பசிபிக் முகவரிப் பதிவகத்திலும், அதன் கீழ் இயங்கும் இந்தியப் பதிவகமான ஐஆர்ஐஎன்என்னிலும் பார்க்கலாம். சர்வர் வேறொருவருடையது என்றால், அடுத்த வாரம் ஆக்டிவ் சோதனைக்கு உங்கள் வாடிக்கையாளர் தந்த அனுமதி மட்டும் போதுமா என்ற கேள்வி எழும். அதை இப்போதே எழுப்புங்கள்.

ஷோடானும் சென்சிஸும் இணையம் முழுவதையும் ஏற்கெனவே ஸ்கேன் செய்து வைத்திருப்பவை. நீங்கள் பார்ப்பது அவர்கள் எடுத்த படத்தை. அதனால் பாசிவ். ஹோஸ்ட்நேம், நிறுவனப் பெயர், ஐபி தொகுதி, சான்றிதழில் உள்ள பெயர் என்று பல வழியில் தேடலாம். மூன்று இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, தேதி. ஒவ்வொரு பேனருக்கும் (சர்வர் தன்னைப் பற்றிச் சொன்ன விடை) நேர முத்திரை இருக்கும். கிளவுட் ஐபி இன்று ஒருவரிடம், நாளை இன்னொருவரிடம். இரண்டு மாதப் பழைய பேனரை வைத்து எழுதினால் முன்பின் தெரியாத ஒருவரின் சர்வரை வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவீர்கள். இரண்டு, பாதிப்புப் பட்டியல். ஷோடான் பக்கத்தில் ஒரு ஐபிக்கு முப்பது சிவிஇ எண்கள் (அறியப்பட்ட ஓட்டைகளின் அடையாள எண்கள்) காட்டும். அவற்றில் பெரும்பாலானவை பேனரில் உள்ள பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஊகித்தவை. டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் என்ற லினக்ஸ் வகைகள் மூன்றுமே பாதுகாப்புத் திருத்தத்தைப் பழைய பதிப்பிலேயே பொருத்தித் தருவதால், பதிப்பு எண் பழையதாகவே தெரியும், ஓட்டை அடைபட்டிருக்கும். அந்த முப்பதையும் அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டுவது பொறுப்பான வேலை இல்லை. 'சரிபார்க்கப்படாதது' என்று எழுதி இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள். மூன்று, அதே ஷோடானில் 'இப்போது ஸ்கேன் செய்' என்ற வசதியும் உண்டு. அதைப் பயன்படுத்தினால் உங்களுக்காக அவர்கள் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். யுஆர்எல்ஸ்கேன் என்ற வலைப்பக்கச் சோதனைத் தளத்தில் புதிதாக ஒரு முகவரியைக் கொடுப்பதும், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் 'இப்போது சேமி' அழுத்துவதும் அதே ரகம். இருப்பதைத் தேடலாம், புதிதாக எடுக்கச் சொல்லக்கூடாது. யுஆர்எல்ஸ்கேனில் பொது என்ற தெரிவோடு கொடுத்துவிட்டால், நீங்கள் யாரை ஆராய்கிறீர்கள் என்பதே ஊரறியப் பதிவாகிவிடும்.

கூகுளில் 'சைட்:' போட்டு டொமைனைக் கொடுத்து, 'ஃபைல்டைப்:' போட்டு பிடிஎஃப், எக்ஸ்எல்எஸ்எக்ஸ், எஸ்க்யூஎல், லாக் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். தெரிந்த சப்டொமைன்களைக் கழித்தல் குறியால் விலக்கிக்கொண்டே போனால் தெரியாதவை மேலே வரும். முடிவுகளைப் படிக்கலாம், கிளிக் செய்யக்கூடாது. கிளிக் செய்த நொடியில் அவர்கள் சர்வரில் இருப்பீர்கள். முன்பு கூகுளின் கேஷ் பிரதியைத் திறந்துகொள்ள முடிந்தது. 2024-இல் கூகுள் அதை எடுத்துவிட்டது. இனி அந்த முகவரியை வேபேக் மெஷினில் கொடுத்துப் பழைய பிரதி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி.

வேபேக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டாதீர்கள். அதன் சிடிஎக்ஸ் என்ற பட்டியல் வசதியில் டொமைனைக் கொடுத்தால் சேமித்த எல்லா முகவரிகளும் ஒரே பட்டியலாக வரும். அதில் முதலில் பார்க்க வேண்டியது பழைய ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்புகள். தேடுபொறி நுழைய வேண்டாம் என்று 2016-இல் எழுதிவைத்த பாதை, இன்றைய கோப்பில் நீக்கப்பட்டிருக்கும், சர்வரில் அப்படியே இருக்கும். அடுத்தது ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள். அவற்றில் ஏபிஐ பாதைகளும் உள் சர்வர் பெயர்களும் சிதறிக் கிடக்கும். சேமித்த பக்கம் சில சமயம் படத்தையோ எழுத்துருவையோ நேரடித் தளத்திலிருந்தே இழுக்கப் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, பிரவுசரின் நெட்வொர்க் பலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

அங்கே கிடைத்த பிடிஎஃப் ஒன்றை, கோப்புக்குள் மறைந்திருக்கும் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூலில் போடுங்கள். ஆசிரியர் புலத்தில் 'அக்கவுன்ட்ஸ்02' என்று இருந்தால் அது ஆளின் பெயராக இல்லாமல், விண்டோஸ் பயனர் பெயராக இருக்கலாம். அந்த வடிவமே மற்ற பயனர் பெயர்களையும் ஊகிக்க வைக்கும். உருவாக்கிய மென்பொருள் என்ற இடத்தில் வேர்டு 2010 என்றிருந்து, கோப்பின் தேதி சமீபத்தியது என்றால், மைக்ரோசாஃப்ட் 2020 அக்டோபரிலேயே ஆதரவை நிறுத்திய மென்பொருளில் யாரோ இன்னும் வேலை செய்கிறார்கள். தேதி பழையது என்றால் அதில் செய்தி எதுவும் இல்லை.

நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்புக்குத் தனி நாள் ஒதுக்குங்கள். 2022 அக்டோபரில் டொயோட்டா வெளியிட்ட அறிவிப்பை நினைவில் வையுங்கள். கார்களுக்கான டி-கனெக்ட் என்ற இணைய சேவைத் தளத்தின் மூல நிரலில் ஒரு பகுதியை ஒப்பந்த நிறுவனம் பொது ரெப்போவில் (எவரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்பில்) போட்டுவிட்டது. உள்ளே தரவு சர்வரின் அணுகல் சாவி இருந்தது. 2017 டிசம்பர் முதல் 2022 செப்டம்பர் வரை யாரும் கவனிக்கவில்லை. 2,96,019 வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்றார்கள். கசிந்தது நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்து அல்ல, ஒப்பந்தக்காரரிடமிருந்து என்பதைக் கவனியுங்கள். அதனால் நிறுவனத்தின் கிட்ஹப் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். டொமைன் பெயர், உள் சர்வர் பெயர், திட்டப் பெயர் இவற்றைக் கொண்டு கிட்ஹப் முழுவதும் தேடுங்கள். கோப்பை நீக்கியிருந்தாலும் கமிட் (மாற்றப் பதிவு) வரலாற்றில் சாவி இருக்கும்.

இங்கேதான் கருவியால் பெரிய தவறு நேரும். கசிந்த சாவிகளைத் தேடும் டிரஃபிள்ஹாக் ஒரு சாவியைக் கண்டால், வழக்கமான அமைப்பில் அது வேலை செய்கிறதா என்று சம்பந்தப்பட்ட சேவையிடமே கேட்டுப் பார்க்கும். அதாவது உங்கள் அனுமதியின் எல்லைக்கு வெளியே, வேறொருவரின் சாவியால் நீங்கள் லாகின் செய்து பார்த்ததாக ஆகிவிடும். பொறியாக வைத்த அமேசான் சாவி என்றால் அதே நிமிடம் அலாரமும் அடிக்கும். சரிபார்ப்பை நிறுத்தும் தெரிவைக் கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். சப்டொமைன் தேடும் அமாஸ் கருவியின் பழைய பதிப்புகளில் பாசிவ் தெரிவைக் குறிப்பிட வேண்டியிருந்தது, உங்கள் பதிப்பில் எப்படி என்று பாருங்கள். அதே வேலை செய்யும் சப்ஃபைண்டர் தானாகவே பாசிவ்தான், ஆனால் உயிரோடுள்ள சப்டொமைன்களை மட்டும் காட்டு என்ற தெரிவைச் சேர்த்தால் டிஎன்எஸ் கேள்விகள் பறக்கத் தொடங்கும். எந்தக் கருவியையும் வாடிக்கையாளர் டொமைனில் ஓட்டுவதற்கு முன், உங்கள் சொந்த டொமைனில் ஓட்டி, நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கில் எங்கெங்கே பாக்கெட் போகிறது என்று ஒருமுறை பாருங்கள். பத்து நிமிட வேலை.

ஆட்களைப் பற்றிய தகவலில் அடக்கம் தேவை. வேலை விளம்பரங்கள் போதிய விவரம் தரும்: எந்த ஃபயர்வால், எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு தெரிந்தவர் வேண்டும் என்று அவர்களே எழுதியிருப்பார்கள். லிங்க்ட்இன் பார்ப்பதானால், பார்த்தவர் பெயர் அந்தப் பக்கத்துக்குரியவருக்குத் தெரியும் என்பதால் முதலில் உங்கள் கணக்கைத் தனிப்பார்வைக்கு மாற்றுங்கள். தேவை பதவியும் மின்னஞ்சல் வடிவமும்தான். குடும்பப் படம், வீட்டு முகவரி, சொந்த ஃபோன் எண் எதுவும் உங்கள் கோப்பில் ஏறக்கூடாது. தரவுக் கசிவுகளில் சிக்கிய மின்னஞ்சல் முகவரிகளைத் தேட ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தின் டொமைன் தேடல் இருக்கிறது. டொமைன் தம்முடையது என்று நிரூபித்தவருக்குத்தான் அது விடை தரும். ஆகவே வாடிக்கையாளரையே செய்யச் சொல்லி முடிவை வாங்குங்கள். திருட்டுத் தரவுத் தொகுப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் எழுதுங்கள்: என்ன கிடைத்தது, எங்கிருந்து, அந்த ஆதாரம் அதைக் கடைசியாகப் பார்த்த தேதி, நீங்கள் பார்த்த தேதி, எவ்வளவு நம்பலாம். மூன்றாவதும் நான்காவதும் வேறு வேறு என்பதை மறந்தால், 2019-இல் மூடிய சர்வரை இன்றைய ஓட்டை என்று எழுதிவிடுவோம். இரண்டு தனித்தனி ஆதாரங்களில் வந்தால் நம்பகம் உயர்வு. ஒன்றிலிருந்து இன்னொன்று நகலெடுத்ததா என்றும் பாருங்கள். பல தளங்கள் சப்டொமைனை எடுப்பது அதே சான்றிதழ்ப் பதிவேட்டிலிருந்துதான்.

நிறுத்த வேண்டிய இடம் தெளிவானது. திறந்து கிடக்கும் லாகின் பக்கம், வேலை செய்யும்போல் தோன்றும் சாவி, கடவுச்சொல் இல்லாத டேட்டாபேஸ் என்று எது கண்ணில் பட்டாலும் உள்ளே போய்ப் பார்க்க உங்களுக்கு இந்த வாரம் அனுமதி இல்லை. அனுமதியில்லாத அணுகல் இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளில் வரும். 66-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம். சாவி எங்கே கிடைத்தது, எந்தக் கமிட், எந்த வரி என்று குறித்து, சாவியின் முதல் நான்கு எழுத்தை மட்டும் விட்டு மற்றதை மறைத்துப் படமெடுங்கள். வாரக் கடைசி ரிப்போர்ட் வரை காத்திருக்காமல், கடிதத்தில் கொடுத்திருக்கும் தொடர்பு நபருக்கு அன்றே ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள். ரெப்போவை நீக்குவதற்கு முன் சாவியை ரத்து செய்யச் சொல்லுங்கள். அவசரத்தில் ரெப்போவை மட்டும் நீக்கிவிட்டால், ஏற்கெனவே நகலெடுத்தவர் கையில் சாவி வேலை செய்துகொண்டே இருக்கும்.